மத்தியானம் படுக்கிற கிணறு

பிள்ளை,

போன கிழமை உங்கள் சங்கத்திலிருந்து ஒரு மாணவி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் நீ ஒரு வருடம் தலைவியாக இருந்தாயே, அந்தப் பொறியியலாளர் சங்கத்தின் மாணவர் கிளை, அதன் இப்போதைய செயலாளராம். கிளை தொடங்கிப் பத்து வருடம் ஆகிறது, மலர் ஒன்று வெளியிடுகிறோம் என்றாள். "அங்கிள், அக்காவின்ரை காலத்திலை செய்த கிணத்து வேலைதான் எங்கடை கிளையின்ரை பெரிய வேலை. சுவிற்சைப் போட்டு ஆரம்பிச்சு வைச்சதும் நீங்கள்தானே. ஒரு வாழ்த்துச் செய்தி தாங்கோ. அரைப் பக்கம் காணும்." நல்ல மரியாதையான பிள்ளை. நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று நாள் ஒரு தாளை வைத்துக்கொண்டு இருந்தேன். 'மென்மேலும் வளர வாழ்த்துகிறேன்' என்று எழுதினேன், வெட்டினேன், திரும்ப அதையே எழுதினேன். அரைப் பக்கப் பொய் எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் வந்தது இந்தக் கடிதம்தான். நீ கொழும்பில் விசா அலுவல் முடித்துச் சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கும்போது இது உன் மேசையில் இருக்கும். இதன் பிரதி ஒன்றை அந்தப் பிள்ளைக்கும் அனுப்புவேன். மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் அவர்கள் பாடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கிளையைப் பற்றி எனக்கு ஒரு காலத்திலும் குறைந்த எண்ணம் இருந்ததில்லை. இரண்டாம் வருடத்தில் நீ அதில் சேர்ந்தபோது, இது என்ன புதுச் சோலி, படிக்கப் போன இடத்தில் கூட்டமும் கொடியும் என்று உன் அம்மாதான் முணுமுணுத்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆள் முன்னால் நின்று கதைக்கக் கூச்சப்பட்ட என் பிள்ளை மேடையில் ஏறி நன்றியுரை சொன்னது. கொழும்பில் இருக்கிற பெரிய எஞ்சினியர்மாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, அவர்களை இங்கே கூப்பிட்டுப் பேச வைத்தது. கிளையின் பெயர் போட்ட நீல ரீசேட்டை நீ தோய்த்துக் கொடியில் போட்டால், றோட்டால் போகிறவர்களுக்குத் தெரிகிற பக்கமாக அதைத் திருப்பிப் போட்டவன் நான்தான். அம்மா என்று நினைத்திருப்பாய்.

நான் பொறியியலாளன் இல்லை. ஊர்ச் சபையொன்றின் தண்ணீர்ப் பகுதியில் முப்பது வருடத்துக்கு மேல் பம்ப் ஒப்பரேற்றர். நீ சின்னனில் பள்ளிக்கூடம் விட்டு என் பம்ப் அறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட வாளியில் குந்தி இருப்பாய். ஒரு நாள் எழுதிக்கொண்டிருந்த கொப்பியிலிருந்து தலை நிமிராமலே, "அப்பா, மிசின் காத்துக் குடிக்குது" என்றாய். ஓடிப் போய்ப் பார்த்தால் கிணற்றில் தண்ணீர் குழாய் வாய்க்குக் கீழே இறங்கியிருந்தது. எனக்குப் பிடிபட ஐந்து வருடம் எடுத்த சத்தம் உனக்கு ஏழு வயதில் பிடிபட்டது. அன்றைக்கே நான் முடிவு கட்டிவிட்டேன், இது எஞ்சினியர்தான் என்று. அந்த முடிவில் பிழை இல்லை. அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட முறையில்தான் பிழை.

அதை விளங்கிக்கொள்ள, உனக்கு நான் சொல்லாத ஒரு கதையைச் சொல்ல வேண்டும். நீ பிறக்க முன்னம், கடலுக்குக் கிட்ட இருந்த ஒரு கிணற்றில் எனக்கு வேலை. புதிதாக வந்த எஞ்சினியர் ஒருவர், பக்கத்துக் கிராமத்துக்கும் தண்ணீர் கொடுக்க வேண்டும், மிசினைக் காலை, பின்னேரம் இரண்டு நேரமும் ஓட்டு என்றார். எங்கள் குடாநாட்டில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிற ஒரு படை. அளவாக எடுத்தால் மாரி மழை திரும்ப நிரப்பும். அவசரப்பட்டு இழுத்தால் கீழே கிடப்பது மேலே வரும். வந்தால் லேசில் போகாது. நான் பயந்து பயந்துதான் சொன்னேன், "சேர், இந்தக் கிணறு அவ்வளவு தாங்காது." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் மிசினைப் பாரும். கிணத்தை நான் பாக்கிறன்" என்றார். அடுத்த வருடம் கிணறு உவராகிப் போனது. விசாரணை வைத்தார்கள். மிசினை அளவுக்கு மீறி ஓட்டியது ஒப்பரேற்றர் என்று எழுதி என் சேவைக் கோவையில் போட்டார்கள். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் பழகினேன். எஞ்சினியர் சொன்னால் தலையாட்டுவது. எனக்குத் தெரிந்தது எனக்குள்ளே கிடக்கட்டும், சம்பளத்துக்கு இது காணும் என்று இருந்தேன். அப்படி இருந்தே பென்சனும் எடுத்தேன்.

இப்போது உன் கிணற்றுக்கு வருகிறேன். நீ தலைவியாக இருந்த வருடம், கடற்கரைக் கிராமம் ஒன்றில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குச் சோலர் பம்பும் தொட்டியும் போட்டுக் கொடுக்க உங்கள் கிளை தீர்மானித்தது. மீன்பிடிச் சனம், நாற்பது வீடு வரும், அந்த முழு ஊருக்கும் குடிக்க இருந்தது அந்த ஒரு கிணறுதான். பெண்கள் வாளியால் அள்ளித் தலையிலும் இடுப்பிலும் சுமக்கிறார்கள் என்று நீ வந்து சொன்னபோது உன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்தக் கண்ணீர் பொய் இல்லை. ஆனால் பரீட்சை முடிய வேண்டும், சிறந்த கிளைக்கான போட்டிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், இரண்டுக்கும் நடுவில் கிடைத்த சில கிழமைக்குள் எல்லாம் நடந்தது. கிணற்றை நீங்கள் அளந்தது தை மாதத்தில். மாரி முடிந்த கையோடு எந்தக் கிணறும் வாய் வரை நிறைந்து சிரித்துக்கொண்டுதான் நிற்கும். ஆவணியில், புரட்டாதியில் அளந்தால்தான் கிணற்றின் உண்மை தெரியும். இது எனக்குத் தெரியும். உன் படிப்பிலும் இது இருந்திருக்கும். ஆனால் ஆவணி வரைக்கும் பொறுத்திருந்தால் உன் தலைவிப் பதவி முடிந்திருக்கும்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் நான் வாயைத் திறந்தேன். "பிள்ளை, உது ஆவணியிலையும் ஒருக்கா அளந்து..." என்று தொடங்கினேன். நீ புட்டைப் பிசைந்தபடி, "அப்பா, நாங்கள் கொம்பியூட்டரிலை போட்டுப் பாத்திட்டம், தண்ணி காணும்" என்றாய். உன் குரலில் எடுப்போ திமிரோ இல்லை. களைப்புத்தான் இருந்தது. இன்னும் ஒரு தரம் சொல்லியிருந்தால் நீ கேட்டிருப்பாய், பிள்ளை. நீ கேட்கிற பிள்ளை. ஆனால் நான் தலையாட்டினேன். அந்த எஞ்சினியருக்கு ஆட்டிய அதே தலை. அந்த மனுசனிடம் பயத்தில் பேசாமல் இருந்தேன், உன்னிடம் பெருமையில் பேசாமல் இருந்தேன். என் வீட்டிலேயே ஒரு எஞ்சினியர், அவர் சொன்னால் நான் கேட்கிறேன் என்கிற அந்தப் பைத்தியக்காரப் பெருமை. தகப்பனாக நடக்க வேண்டிய இடத்தில் உன் ஒப்பரேற்றராக நடந்துவிட்டேன்.

திறப்பு விழா உனக்கு நினைவிருக்கும். உங்கள் நீல ரீசேட்டுகள், பெரிய பனர், பெயர்ப் பலகை, கோயிலில் இருந்து எடுத்த கதிரைகள். "என்ரை அப்பா முப்பது வருஷம் பம்ப் ஓட்டினவர், அவர்தான் சுவிற்சு போடோணும்" என்று நீ எல்லோருக்கும் முன்னால் சொன்னாய். அதற்குச் சற்று முன்னர் நடந்தது உனக்குத் தெரியாது. நான் பம்புக்குப் பக்கத்தில் நின்றபோது ஒரு பெண் வந்தாள். பெயர் றீற்றா, சந்தையில் கருவாடு விற்கிறவள், ஐம்பது வயது இருக்கும். நீங்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"அண்ணை, உது மத்தியானத்திலையும் இழுக்குமோ?"

"மத்தியானத்திலைதான் நல்லா இழுக்கும். வெயில் கூடக் கூட வேகம்" என்றேன்.

"எங்கடை கிணறு மத்தியானம் படுக்கிற கிணறு, அண்ணை. வெயில் ஏறினால் ஒருத்தரும் வாளி போடமாட்டம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் திரும்ப அள்ளுறது. எங்கடை சனம் எப்பவும் அப்பிடித்தான். இது தாங்குமோ?"

பிள்ளை, அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருந்தது. சூரியன் உச்சியில் நிற்கிற நேரத்தில்தான் சோலர் பம்ப் முழு வேகத்தில் ஓடும். அந்தக் கிணறு களைப்பாறித் தன் தண்ணீரைச் சேர்க்கிற நேரமும் அதுதான். கரண்ட் காசு இல்லை, எண்ணெய் ஊற்றத் தேவையில்லை, அதனால் ஒருவரும் நிறுத்தப் போவதும் இல்லை. அவள் கேட்ட கணத்திலேயே எனக்கு இது விளங்கிவிட்டது. அப்போது நீ மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். நான் றீற்றாவிடம் சொன்னேன்: "பயப்பிடாதையுங்கோ. எங்கடை பிள்ளையள் கணக்குப் பாத்துத்தான் செய்யுதுகள்." சொல்லிவிட்டுப் போய் சுவிற்சைப் போட்டேன். தண்ணீர் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அந்த வருடம் சிறந்த கிளைக்கான கேடயம் உங்களுக்குக் கிடைத்தது. அடுத்த மாதமே உன் பதவிக் காலம் முடிந்து, புதிய கொமிற்றிக்குக் கொடியும் முத்திரையும் கோவைகளும் கைமாறின. அந்தக் கையளிப்பு விழாவுக்கும் நான் வந்திருந்தேன். எல்லாவற்றையும் கையளித்தீர்கள், கிணற்றைத் தவிர. புதிய கொமிற்றிக்குப் புதிய வேலை ஒன்று வேண்டும், பழைய வேலைக்குக் கேடயம் இல்லை. அதற்கடுத்த கொமிற்றிக்கும் அப்படியே. உன்னைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. வருடத்துக்கு வருடம் ஆள் மாறுகிற இடத்தில், பத்து வருடம் ஓடப்போகிற ஒரு மிசினை யார் பார்ப்பது என்று உங்களுக்குள் யாராவது கேட்டிருக்கலாம். உங்களை விட வயதில் மூத்த நானும் கேட்கவில்லை.

போன ஆவணியில் சந்தையில் றீற்றாவைக் கண்டேன். கிணறு எப்படி என்று கேட்டேன். "வந்து பாருங்கோ, அண்ணை" என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாள் பஸ் எடுத்துப் போனேன். கோயில் மதிலோடு வெறுங்கான்களை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் பவுசர் வண்டியில் வரும் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். கிழமைக்கு இரண்டு தரம் வருமாம், சில கிழமை ஒரு தரம்தானாம். உங்கள் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைந்து வழிந்து, வழிந்த தண்ணீர் ஓடிய இடத்தில் மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு கை ஏந்தி வாயில் விட்டேன். விழுங்க முடியவில்லை. பெயர்ப் பலகை மட்டும் அப்படியே இருந்தது. உன் பெயர் முதலாவது.

றீற்றா என்னை வீட்டுக்குக் கூட்டிப் போய்க் கதிரை போட்டாள். யார் வந்தாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பதுதானே எங்கள் ஊர்களில் வழக்கம். அவள் சின்ன மகளைக் கடைக்கு அனுப்பினாள். மகள் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி வந்தாள். மூடி உடைக்காத போத்தலைத் தட்டில் வைத்து என் முன்னால் வைத்தாள் றீற்றா. "தேத்தண்ணி தரேலாது, அண்ணை. எங்கடை தண்ணியிலை போட்டால் பாலும் திரையுது" என்றாள். அவளுக்கு வெட்கம். வெட்கப்பட வேண்டியவன் நான். பிள்ளைகள் தெரியாமல் செய்துவிட்டார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொன்னேன்.

"பிள்ளையளிலை நான் பிழை சொல்லேல்லை. அதுகள் நல்லது நினைச்சுத்தான் செய்ததுகள். படிச்ச பிள்ளையளிட்டைக் கேக்க எங்களுக்குப் பயம். அண்டைக்கு நான் உங்களிட்டை வந்து கேட்டது ஏனெண்டு தெரியுமோ? உங்கடை கையைப் பாத்தனான். நகத்துக்குள்ளை கிறீஸ் கிடந்தது. இந்த மனுசனுக்குத் தெரியும், இவர் பொய் சொல்லமாட்டார் எண்டு நினைச்சன்."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. அந்தப் போத்தலை நான் குடிக்கவில்லை. வேண்டாம் என்று வைத்துவிட்டு வரவும் முடியவில்லை. கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து அது என் அலுமாரிக்குள் இருக்கிறது.

எழும்பி வரும் வழியில் பம்பை நிறுத்தினேன். பஸ் தரிப்புக்கு வந்து நிற்கிறேன், திரும்ப ஓடுகிற சத்தம் கேட்கிறது. திரும்பிப் போய்க் கேட்டேன். ஊர்ச் சங்கத் தலைவர், "ஆரைக் கேட்டு நிப்பாட்டினீங்கள்? உது கம்பஸ் ஆக்களின்ரை. உடுப்புத் தோய்க்க, கழுவ உந்தத் தண்ணியாவது வேணும். நிப்பாட்டினால் கிணறு திருந்துமெண்டு அவை வந்து சொல்லட்டும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நான் யார், சுவிற்சு போட வந்த ஆள். உங்கள் கிளைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெடியன் மிகவும் பணிவாக, "அங்கிள், அது முந்தின கொமிற்றியின்ரை வேலை. எங்களிட்டை ஃபைல் மட்டும்தான் இருக்கு" என்றான். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது அந்தப் பெடியனும் முந்தின கொமிற்றியாகிவிட்டான்.

அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்த நேரம், சொல்ல வந்தேன். "போற பிள்ளையின்ரை மனசை ஏன் குழப்புறியள்? முதல் பிளேன் ஏறட்டும்" என்று அம்மா தடுத்தாள். அம்மாவைச் சாட்டி நான் தப்பப் போவதில்லை. தடுத்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. புரட்டாதியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உன்னைக் கணினியில் நேர்முகம் கண்டது. நான் பக்கத்து அறையில் இருந்தேன். தண்ணீர் பற்றி மேற்படிப்புப் படிக்க ஏன் விரும்புகிறாய் என்று கேட்டார்கள். நீ அந்தக் கிணற்றைச் சொன்னாய். அது இன்றைக்கும் அந்தச் சனத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். உனக்கு அது உண்மை. நான்தான் உன்னை அறியாமல் பொய் சொல்ல வைத்தேன். அவர்கள் சிரித்துச் சந்தோஷப்பட்டது எனக்குக் கேட்டது. அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது சொல்வது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். தெரியும். இருந்தும் வால் இன்னும் கையில் இருக்கிறது. நீ படித்து எவ்வளவு பெரிய ஆளாகவும் வா. ஆனால் எந்த ஊரில் எந்தப் பம்பை வைத்தாலும், அங்கே நகத்தில் அழுக்கோடு ஓர் ஆள் ஓரமாய் நின்று தலையாட்டிக்கொண்டிருப்பான். அவன் தலையாட்டுவதை நம்பாதே. அவனை இருத்தி, பயம் தெளிகிற வரைக்கும் திரும்பத் திரும்பக் கேள். உன் சொந்தத் தகப்பனே உன்னிடம் சொல்லவில்லை என்றால், முன்பின் தெரியாதவன் எப்படிச் சொல்வான்? இதை அந்த மலருக்கு எழுதுகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பலகையில் பெயர் எழுதுகிறவர்கள், ஆவணியில் ஒரு தரம் அந்தப் பலகையைப் பார்க்கப் போகட்டும்.

உனக்குப் பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு நாள் வேண்டும். நிறுத்தினால் கிணறு திருந்துமா என்று அந்தச் சனம் கேட்கும். நிச்சயம் என்று சொல்லாதே. பல மாரி எடுக்கலாம், திருந்தாமலும் போகலாம் என்று உள்ளதைச் சொல். பம்புக்கு நேரம் வைத்து நிறுத்துகிற வேலை எனக்குத் தெரியும், ஸ்பானர் சாவிகளை எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் அவர்களிடம் கதைக்க வேண்டியது நீ. பெயர் உன்னுடையது, கை என்னுடையது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உண்மையை எழுதிவிடு. எழுதினால் இடம் போய்விடுமோ என்று அம்மா அழுகிறாள். போகலாம். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. பயத்தில் பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் உனக்குக் காட்டிவிட்டேன்.

இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கும். மூடி உடைக்கவில்லை. அது றீற்றாவின் வீட்டுத் தண்ணீர். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தனியாகப் போக எனக்கு முகம் இல்லை.

இதை முடிக்கும்போது நேரம் பன்னிரண்டரை. இங்கே கொக்குவிலில் வெயில் நெருப்பாக எரிக்கிறது, அந்தக் கிணற்றடியிலும் அப்படித்தான் எரிக்கும். நான் போட்ட சுவிற்சு இப்போதும் போட்டபடியே இருக்கிறது.

அப்பா